பிரேயரில் விழுந்த பெண்கள்

எங்கள் பள்ளியில் முதன்முதலாக மயங்கி விழுந்தவள் சரோஜா. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் யாரோ ஒருத்தி மயங்கி விழப்போகிறாள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அந்த வயதில் என் கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். சரோஜா அப்படியில்லை. நல்ல உயரம், வகுப்புத் தலைவி. டீச்சர் வராத நேரத்தில் அவள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாலே பின் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். ரயில் தாமதமானாலும் அவள் தாமதமாக வந்ததில்லை. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்துவிடுவாள். வந்த பிறகு மூச்சு வாங்குவதுகூட வெளியே தெரியாது.

எங்கள் வகுப்பாசிரியை என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தாள். வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் நான் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் காட்டிய கவனத்தில், மற்ற பெண்களுக்கு ஒரு அடி விழுந்தால் எனக்கு ஒன்றரையாக விழும்.

அந்த வருஷம் ஆடி முடிந்தும் மழை இல்லை. காலை பிரேயர் மைதானத்தில், வெயிலில் நடக்கும். பாட்டு முடிந்து, கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் சாக்குமூட்டை சரிந்தது போலச் சத்தம் கேட்டது. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது பாவமாயிற்றே என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பினேன். சரோஜா மண்ணில் கிடந்தாள். டிரில் டீச்சர் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். எதிர்க் கடையிலிருந்து சோடா வந்தது. அது வருவதற்குள் சரோஜா எழுந்து உட்கார்ந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள். அன்றைக்குக் கணக்கு வகுப்பில் அவள்தான் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள்.

மறுநாள் விமலா விழுந்தாள். சரோஜாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் என்பதால் ஏதோ ஒட்டுவாரொட்டி என்று பேச்சு கிளம்பியது. அடுத்து கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி. பிறகு இரண்டு பேர் ஒரே நாளில், ஒருத்தி விழுந்த சத்தத்தில் இன்னொருத்தி. வாரம் திரும்புவதற்குள் ‘ஏ’ பிரிவிலும் விழ ஆரம்பித்தார்கள். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் விழவில்லை. பத்து, பதினொன்று படித்த பெரிய அக்காமார்களும் விழவில்லை. நாங்கள்தான், எட்டாம் வகுப்புக்காரிகள்தான், பிரேயர் மணி அடித்ததும் யார் முகம் வெளுக்கிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்குப் பின்னால் பலகை போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது. அதில் எப்போதோ ஒரு பெண் விழுந்து செத்தாள் என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவளுடைய பெயர், ஊர், விழுந்த காரணம், கட்டியிருந்த தாவணியின் நிறம் எல்லாம் இரண்டே நாளில் கிடைத்துவிட்டன. சில அம்மாக்கள் சேர்ந்து பூசாரி ஒருவரை அழைத்து வந்து கேட்டில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கிறிஸ்தவப் பள்ளியில் இது என்ன என்று தலைமையாசிரியை கோபப்பட்டு அவிழ்க்கச் சொன்னார். வாட்ச்மேன் அவிழ்த்து, வெயிலுக்கு நல்லது என்று பிழிந்து குடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. போதகர் வந்து மைதானத்தின் நான்கு மூலையிலும் நின்று ஜெபித்தார். டாக்டர் வந்து எல்லோருடைய கண்ணிமையையும் இழுத்துப் பார்த்து, ரத்தம் பத்தாது என்று மாத்திரை கொடுத்தார்.

எங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. அப்பா காப்பிதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்றார், காப்பியைக் குடித்துக்கொண்டே. அம்மாவுக்கு அது கண் திருஷ்டி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரக் கிறிஸ்தவர்கள். அதனால் பின்கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு மிளகாய் சுற்றிப்போட்டுவிட்டு, தாளிக்கும்போது கருகிவிட்டது என்று சொன்னாள். அத்தைக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

“அத்தனையும் வேஷம். ஆளுக்கு நாலு கணக்கு கூடக் குடுத்தா எந்திரிச்சு ஓடிருவாளுக” என்றாள்.

அடுத்த நாள் நான் விழுந்தேன்.

அது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியும். முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு டிரில் டீச்சரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போலத் தூரமாகப் போயிற்று. மைதானம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே நடுவுக்கு வந்தது. அப்போது எனக்குப் பயமே இல்லை. இதோ என் முறை வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. கண் விழித்தபோது நோயாளி அறை பெஞ்சில் கிடந்தேன். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை.

“எந்திரி. முதல் பீரியட் பாதி போயிருச்சு” என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா அத்தையை எதிர்த்துப் பேசினாள். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

“பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மதினி?”

“அவளுக்கு என்ன ஆச்சு? மத்தவ விழுறதைப் பாத்தா, இவளும் விழுந்தா.”

எனக்கு அழுகை வந்தது. வேஷம் போடவில்லை என்று சத்தியம் செய்யலாம்தான். ஆனால் வேஷமில்லை என்றால் வேறு என்ன என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பொன்வண்டுக்குத் தீப்பெட்டி கிடைக்காததைத் தவிர அந்த மாதத்தில் எனக்கு வேறு கவலையே இருக்கவில்லை.

விஷயம் தாளாளர் வரைக்கும் போய்விட்டது. வேறு பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சில பெற்றோர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்துவைத்தவளை அனுப்பிவிட்டால் எல்லாம் அடங்கும் என்று முடிவாயிற்று. சரோஜாவின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் லாரி டிரைவர்; ஊரில் இருந்த ஒரு நாளில் வந்தார். காக்கிச் சட்டையோடு ஆபீஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் டஸ்டர் கேட்டு வந்தவள், வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

“நான் லாரில பூடறவன் மேடம். மாசத்துல நாலு நாளு வூட்ல இருந்தா பெரிசு. ஆனா பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. நல்லாத்தான் கீது.”

தலைமையாசிரியை குரலைத் தணித்துக்கொண்டு என்னவோ சொன்னார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும், பிறகு டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்பது மட்டும் கேட்டது.

“சரிங்க, இட்டுகினு போறேன். பொட்டப் புள்ள. எட்டு வரிக்கும் வந்ததே ஜாஸ்தி.”

சரோஜா அழவில்லை. வகுப்புக்கு வந்து பையை எடுத்துக்கொண்டாள். போகிறபோது விமலாவிடம், “கலர் சாக்பீஸ் பீரோ பின்னாடி கீது. தண்ணிப் பானைய வெள்ளிக்கெழம கழுவணும், மறந்துடாத” என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

சரோஜா போனதும் எல்லாம் அடங்கியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மறுநாள் பிரேயரில் மூன்று பேர் விழுந்தார்கள். விமலா இரண்டாம் தடவையாக விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்று முழுவதும் அத்தை யாரையும் திட்டவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கஞ்சி போட்ட புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, “கிளம்பு. கூடுவாஞ்சேரி போய்ட்டு வருவோம்” என்றாள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் வேஷம் தெரிந்துவிடும் என்பது அவளுடைய எண்ணம். தனியாகப் போக வேண்டாமே என்பதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ரயிலில் ஜன்னலோரம் கிடைத்ததில் சந்தோஷம்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஓட்டு வீடு. வாசலில் இரண்டு பையன்கள் ஒரு டயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோஜா இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, “குட் ஆஃப்டர்நூன் டீச்சர்” என்றாள்.

உள்ளே அவளுடைய அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நாங்கள் வந்தது தெரிந்த மாதிரியே இல்லை.

“அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று அத்தை கேட்டாள்.

“ஒடம்பு நல்லாத்தான் கீது டீச்சர். பேசாது. பாப்பா பொறந்ததுலேருந்து இப்படித்தான். சோறு குடுத்தா துன்னும், தல வாரி உட்டா வாரிக்கும்.”

“பகல்ல குழந்தையை யாரு பாத்துக்கிறா?”

“பக்கத்து வூட்டு அக்கா. நான் வந்ததும் குடுத்துடும்.”

அத்தை சுவரோரம் படுத்திருந்தவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு, வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில், “பிரேயர்ல ஏன் விழுந்தே?” என்றாள்.

சரோஜாவும் வகுப்பில் பதில் சொல்கிற மாதிரியே யோசித்தாள்.

“தெரியல டீச்சர். காலைல எழுந்ததுலேருந்து யாருனா கூப்ட்டுகினே இருப்பாங்க. ரயில்லயும் ஸ்டேஷன் தாண்டிடுமோன்னு முழிச்சிகினே வருவேன். பிரேயர்லதான் கண்ண மூடச் சொல்றாங்க. அப்போ யாரும் கூப்புடமாட்டாங்க இல்ல... கண்ண மூடுவேன், அவ்ளோதான்.”

சொல்லிவிட்டு, இது தப்பான விடையோ என்பது போல அத்தையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. அத்தை எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள். நான் பிறந்தபோது விழுந்துவிடுவேன் என்று பயந்து அத்தை என்னைத் தூக்கவே மாட்டாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இந்தக் குழந்தையை அவள் பழக்கப்பட்டவள் போலத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“போய்ப் படு” என்றாள் சரோஜாவிடம்.

“ஒலை கொதிக்குது டீச்சர்.”

“படுன்னா படு.”

டீச்சர் சொன்னால் கேட்டாக வேண்டும். சரோஜா அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். தலை தரையில் பட்டதும் தூங்கிவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளியாக வந்த எனக்குக் கலர் சோடா வாங்கித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக அத்தை என்னை அரிசி களையச் சொன்னாள். பையன்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிடச் சொன்னாள். சின்னவன் என்னைக் கடித்தான். அத்தையின் கஞ்சி போட்ட புடவையில் குழந்தை மூத்திரம் போனது. அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் சரோஜா விழித்தாள். வெளிச்சம் மாறியிருப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், “எழுப்பியிருக்கக் கூடாதா டீச்சர்?” என்றாள்.

ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம். அத்தை ஓடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். செங்கல்பட்டிலிருந்து அடுத்த வண்டி வர நெடுநேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“சரோஜா நடிக்கிறாளா அத்தை?” என்று கேட்டேன்.

“வாயை மூடிக்கிட்டு உக்காரு” என்றாள்.

திங்கட்கிழமை அத்தை தலைமையாசிரியை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாளாளரும் உள்ளே இருந்தார். சாத்திய கதவையும் மீறி அத்தையின் குரல் கேட்டது. “இனிமே அவ விழுந்தா நான் பொறுப்பு. போதுமா?” என்றது அந்தக் குரல். அரைப் பரீட்சை வரைக்கும் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டார்களாம்.

சரோஜா திரும்பி வந்தாள். பிரேயர் வராந்தா நிழலுக்கு மாறியது. எட்டாம் வகுப்பு உட்கார்ந்துகொள்ளலாம். யாராவது விழுந்தால் கூட்டம் கூடக் கூடாது, சோடா கிடையாது. பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் பாட்டைத் தொடர வேண்டும். முதல் பீரியடில் சரோஜாவுக்கு விஞ்ஞான லேபில் வேலை என்று அத்தை அறிவித்தாள். எங்களுக்கெல்லாம் பொறாமை. ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் நீள பெஞ்சில் சுருண்டு படுத்துச் சரோஜா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அத்தை விஞ்ஞானப் புத்தகத்தை மூடி வைத்தாள். “ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா? இல்லைன்னா ஏன்? ஒவ்வொருத்தியா சொல்லுங்க” என்றாள். இதில் என்ன விஞ்ஞானம் என்று நாங்கள் முழித்தோம். விமலா எழுந்து, அப்பா வீட்டுக்கு வருகிற வரைக்கும் தூங்க மாட்டேன் என்றாள். ஏன் என்று அத்தை கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். ஒருத்தி, பெரியவளாகிவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர், எனக்கும், எனக்கும் என்றார்கள். என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன். “நல்லாத் தூங்குவேன் டீச்சர். ஆனா எங்க அத்தை விடியறதுக்குள்ள எழுப்பிடுவாங்க.”

வகுப்பு ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு அத்தை சிரித்தாள். அவள் வகுப்பில் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவள் சிரித்ததும் எல்லோரும் சிரித்தோம், நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். விமலா தையல் வலிக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மயக்கம் அன்றோடு நின்றுவிடவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேர் விழுந்தார்கள். ஆனால் கொஞ்சங்கொஞ்சமாக அது எங்களுக்கே அலுத்துப்போயிற்று. ஐப்பசி மழை வந்தபோது பிரேயர் என்றால் பழையபடி கொட்டாவிதான்.

அத்தை, தனியாகப் போக முடியாது என்று இப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு, இன்னும் சில தடவை கூடுவாஞ்சேரிக்குப் போனாள். சரோஜாவின் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவளுடைய அப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். “பேசாததுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? இன்னா டீச்சர் பேஜாரு பண்றீங்க” என்றாராம் அவர். கடைசியில் அவரே கூட்டிக்கொண்டு போனார். கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாலை, சரோஜா ஆசிரியர்கள் அறைக்கு ஓடி வந்து, வாசலிலேயே நின்று, “டீச்சர், எங்கம்மா இன்னிக்கி காலைல தம்பிங்கள திட்டுச்சு டீச்சர்!” என்றாள். பரிசு வாங்கியவள் போல அவள் முகம் இருந்தது. அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்கு, திட்டு வாங்கியதில் என்ன இத்தனை சந்தோஷம் என்று இருந்தது. சரோஜா பதினொன்றாம் வகுப்பு வரைக்கும் எங்களோடு படித்துத் தேறினாள். பின்னால் அவளுக்கு டெலிபோன் இலாகாவில் வேலை கிடைத்தது.

அம்மா திட்டியதைச் சரோஜா வந்து சொன்ன அன்று மாலை வீட்டுக்கு வந்த அத்தை, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல், கூடத்தில் பாயை விரித்துப் படுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக் கூடாது என்று மற்றவர்களைச் சொல்கிறவள் அவள். படுத்த உடனே தூங்கிப்போனாள். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. ஆபீசிலிருந்து ரயிலில் வந்த அப்பா, டிபன் பாக்ஸும் கையுமாக அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ரேடியோவை நிறுத்தினார். அடுக்களையில் பாத்திரம் உருளாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சட்டையைக்கூட மாற்றாமல் அத்தையின் கால்மாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அத்தைக்கு உடம்பு சரியில்லையாப்பா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. அக்கா தூங்கட்டும்.”

“சாப்பிடாமயா?”

அப்பா டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, “எங்கம்மா சாகும்போது நான் கைக்குழந்தை. அக்காவுக்கு உன் வயசு” என்றார்.

இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். எங்கள் வீட்டுக் கதவு எண் மாதிரி, பாட்டி சீக்கிரமே செத்துப்போனார், அத்தைதான் அப்பாவை வளர்த்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அதற்கு இது எப்படிப் பதிலாகும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் கண் கலங்கியிருந்தது. ரயில் புழுதி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அத்தை நடத்துகிற விஞ்ஞானப் பரீட்சை. நான் ஒரு எழுத்துகூடப் படித்திருக்கவில்லை. அத்தை பாயில் அசையாமல் தூங்க, அப்பா அவளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் என் மூலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, அத்தை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று உருக்கமாக ஜெபித்தேன்.